அதே 40 ஆயிரம்... உள்ளே பாதி ரேம்! லேப்-டாப் வாங்கப் போறவங்க கவனிக்க!

சென்னை:

பிளஸ்-2 ரிசல்ட் வந்து, கல்லூரியில் சீட்டும் கிடைச்சாச்சு. அடுத்து வீட்டில் எழும் பேச்சு லேப்-டாப் தான். "எல்லாரும் வெச்சிருக்காங்கப்பா" என்று பிள்ளை ஆரம்பிக்கும். சீட்டுப் பணம் எப்போ விழும், கம்மலை வைத்தால் எவ்வளவு வரும் என்று அம்மா மனசுக்குள் கணக்குப் போடுவார். ஆட்டோ ஓட்டும் அப்பா இரண்டு மாத டியூவைத் தள்ளிப் போட முடியுமா என்று பார்ப்பார்.

இப்படிச் சேர்த்த 40 ஆயிரம் ரூபாயோடு அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவுக்கு வந்தால் தலை சுற்றும். ஒரு கடையில் 38 ஆயிரம். பக்கத்து கடையில் அதே கம்பெனி, அதே கலர், 41 ஆயிரம். ஆன்-லைனில் பார்த்தால் 36 ஆயிரத்து சில்லறை. எது கம்மியோ அதை வாங்கிவிட்டுப் போவதுதான் பலரும் செய்வது.

இத்தனை நாளாக அதில் பெரிய நஷ்டம் வந்ததில்லை. இப்போது வருகிறது. காரணம், விலைச் சீட்டில் உள்ள எண்ணை விட, பெட்டிக்குள் இருக்கும் சரக்குதான் அதிகம் மாறியிருக்கிறது.

ரேம் விலை எகிறியது ஏன்?

2025-ம் ஆண்டின் பிற்பாதியில் உலகம் முழுக்க ரேம் எனப்படும் மெமரி விலை தாறுமாறாக ஏறியது. அந்த ஆண்டு செப்டம்பரில் இருந்த விலை டிசம்பருக்குள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. காரணம் ஏ.ஐ. என்கிற செயற்கை நுண்ணறிவு.

உலகத்துக்கே மெமரி சிப் செய்து கொடுப்பவர்கள் முக்கியமாக மூன்றே பேர். கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். ஏ.ஐ. வேலைக்காகக் கட்டப்படும் ராட்சத கம்ப்யூட்டர் மையங்களுக்கு தனி வகை மெமரி தேவை. விலை எவ்வளவானாலும் அந்தக் கம்பெனிகள் வாங்கிக்கொள்கின்றன. சாதாரண ரேம் செய்ய ஆகும் சிலிக்கான் தகட்டைப் போல மூன்று மடங்கு தகடு அதற்குப் போகிறது. லாபம் அங்கே இருக்கும்போது தொழிற்சாலையும் அந்தப் பக்கம்தானே திரும்பும்? நமக்கு வர வேண்டிய ரேம் குறைந்தது, விலை ஏறியது.

இதில் உச்சகட்டம் 2025 டிசம்பர் 3-ந்தேதி நடந்தது. சில்லறைக் கடைகளில் 'குரூசியல்' என்ற பெயரில் ரேம் விற்று வந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே மூடப் போவதாக அறிவித்தது. ரிச்சி தெருவில் ரேம் மாற்றியவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்காது. அதே டிசம்பரில் டாலருக்கு எதிரான ரூபாய் மதிப்பும் சரிந்து 90-ஐத் தாண்டியது. சிப் எல்லாம் டாலரில் வருகிற சரக்கு. ரேம் ஏறியது ஒரு அடி, ரூபாய் இறங்கியது இன்னொரு அடி.

லேப்-டாப் கம்பெனிகளுக்கு அதன்பிறகு இரண்டே வழிதான். ஒன்று, விலையைக் கூட்டுவது. இன்னொன்று, விலையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே இருப்பதைக் குறைப்பது. பிஸ்கட் பாக்கெட் விலை அதே 10 ரூபாயாக இருக்க, உள்ளே பிஸ்கட் குறைவது போல. 16 ஜி.பி. ரேம் இருந்த இடத்தில் 8 ஜி.பி. வரும், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருந்த இடத்தில் 256 வரும். ஸ்டிக்கரில் இதெல்லாம் எழுதித்தான் இருக்கும், பொய் கிடையாது. ஆனால் விலையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது படாது.

ரிச்சி தெரு பழைய டிரிக் எடுபடவில்லை

ஒரு காலத்தில் விவரம் தெரிந்த அண்ணன்மார் தம்பிகளுக்குச் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. "8 ஜி.பி. மாடலை கம்மி விலைக்கு வாங்கிடு. வெளியே இன்னொரு 8 ஜி.பி. ரேம் வாங்கி சொருகிக்கோ. கம்பெனிக்காரன் 5 ஆயிரம் கேக்குறத நீ ரெண்டாயிரத்துல முடிச்சுடலாம்" என்பார்கள். 2025-ம் ஆண்டின் முற்பாதி வரை இது நல்ல யோசனைதான். 8 ஜி.பி. ரேம் ஆயிரத்து ஐநூறு, இரண்டாயிரம் ரூபாய்க்கே கிடைத்தது.

ரேம் ஏறிய பிறகு இந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. தனியாக வாங்கும் ரேம்தான் முதலில் ஏறியது, வேகமாகவும் ஏறியது. ரேம் ஏறும் முன்பே பெட்டியில் அடைத்து குடோனுக்கு வந்த லேப்-டாப்பில் பழைய விலை ரேமே இருக்கும். அதனால் 16 ஜி.பி. ரேமோடு வந்த பழைய ஸ்டாக் மாடல் கண்ணில் பட்டால், அது போன வருஷ மாடல் என்று ஒதுக்காமல் முதலில் அதன் விலையைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். புது வருஷ மாடல் 8 ஜி.பி.யும், பழைய மாடல் 16 ஜி.பி.யும் ஒரே விலை என்றால் பழையது கெட்டது இல்லை.

இன்னொரு சிக்கல், பல லேப்-டாப்களில் ரேமை மாற்றவே முடியாது. போர்டிலேயே சால்டர் செய்து ஒட்டியிருப்பார்கள். 8 என்றால் கடைசி வரை 8 தான். "ரேம் சால்டர் பண்ணதா, ஸ்லாட்ல இருக்கா? காலி ஸ்லாட் இருக்கா?" என்ற கேள்வியை பில் போடும் முன் கேட்க வேண்டும். கடைப் பையன் இழுத்தால் அதே மாடல் எண்ணை கம்பெனியின் வெப்-சைட்டில் போட்டு அங்கேயே பார்த்துவிடலாம். ரேமோடு ஒப்பிட்டால் எஸ்.எஸ்.டி. பரவாயில்லை. 256 ஜி.பி. போதவில்லை என்றால் பின்னால் மாற்றலாம், படம், வீடியோவை வெளி டிஸ்க்கில் வைக்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் கூட வாங்க முடியும் என்றால் ரேமைக் கூட வாங்குவதே மேல்.

512 ஜி.பி. என்று வாங்கி வீட்டில் போட்டுப் பார்த்தால் 476 என்று காட்டும். உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. சரக்கு ஒன்றுதான்.

'ஐ5 தான் சார்' என்றால் போதாது

அடுத்த குழப்பம் புராசசர். கடை போர்டில் ஐ3, ஐ5, ரைசன்-5 என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதற்குப் பின்னால் வரும் குட்டி எண்ணில்தான் விஷயமே இருக்கிறது.

ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன்-5 7520யு, ரைசன்-5 7530யு இரண்டையும் பாருங்கள். 10 தான் வித்தியாசம். கேட்பவருக்கு அண்ணன் தம்பி மாதிரி தெரியும். ஆனால் 7520யு-வில் நான்கு கோர், உள்ளே இருப்பது 2019-ல் வந்த ஜென்-2 டிசைன். 7530யு-வில் ஆறு கோர், ஒரு தலைமுறை புதிய ஜென்-3 டிசைன். அந்த வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், 2 என்றால் ஜென்-2, 3 என்றால் ஜென்-3. அதோடு 7520யு ஏற்கும் ரேம் வகை போர்டில் ஒட்டித்தான் வரும். பின்னால் கூட்ட வழியே கிடையாது. இரண்டுக்கும் இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம் என்றால், அந்த இரண்டாயிரத்தை மிச்சம் பிடித்தவர் ஏமாந்தார் என்றே அர்த்தம்.

இன்டெல் பக்கமும் இதே கூத்துதான். ஐ3-என்305 என்று ஒன்று உண்டு. பெயரில் ஐ3 இருந்தாலும் அது மின்சாரம் குறைவாகத் தின்னும் சிறிய கோர்களை மட்டும் வைத்துச் செய்த என் வரிசை சிப். ஐ3-1215யு வேறு சாதி. இப்போது 'ஐ' எழுத்தையே எடுத்துவிட்டு 'கோர் 3', 'கோர் 5' என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். குழப்பத்துக்குப் பஞ்சமில்லை.

இருபதாயிரத்துக்குக் கீழே புது லேப்-டாப் என்று விளம்பரம் வந்தால் ரொம்ப ஜாக்கிரதை. செலரான் சிப், 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. ஸ்டோரேஜ் என்று இருக்கும். விண்டோஸ்-11 ஓட மைக்ரோசாப்ட் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜி.பி.யும் 64 ஜி.பி.யும்தான். அதாவது ஓடும். ஆனால் நாலு புரோகிராமைத் திறந்தால் நகராது. ஒரு வருஷத்தில் மூலையில் கிடக்கும். அந்தப் பணத்துக்கு நல்ல செகண்ட்-ஹேண்ட் வாங்குவது எவ்வளவோ மேல்.

எந்தப் படிப்புக்கு எது?

பி.காம்., பி.ஏ., பி.பி.ஏ. படிக்கும் பிள்ளைக்கு 8 ஜி.பி. போதும். டைப் அடிக்க, எக்செல் போட, ஆன்-லைன் வகுப்பு பார்க்க அதற்கு மேல் தேவையில்லை. கேமிங் லேப்-டாப் கேட்டு அடம் பிடித்தால் அது படிப்புக்காக இல்லை என்று அப்பாக்கள் தெரிந்துகொள்ளலாம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் 16 ஜி.பி. பார்க்க வேண்டும். செல்போன் ஆப் செய்யப் பயன்படும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கு கூகுள் சொல்லும் குறைந்தபட்சமே 8 ஜி.பி., நன்றாக ஓட 16. சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு ஆட்டோகேட் வரும். அதற்கும் 8-ல் திணறல்தான். ஆட்டோகேட் சாப்ட்வேரை மாணவர்களுக்கு கம்பெனியே இலவசமாகத் தருகிறது. அதை 'போட்டுத் தர்றோம்' என்று காசு கேட்டால் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

வாங்கும் முன் கல்லூரியில் ஒரு வார்த்தை கேட்பதும் நல்லது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிய இலவச லேப்-டாப் திட்டம் சில ஆண்டுகள் நின்று போயிருந்தது. 2025 மார்ச் 14-ந்தேதி தாக்கலான தமிழக பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்-டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். 2026 ஜனவரியில் வினியோகமும் தொடங்கியது. பிள்ளை படிக்கும் கல்லூரியும் வருஷமும் பட்டியலில் வருமா என்று ஆபீசில் விசாரித்துவிட்டால், கம்மல் அடகுக் கடைக்குப் போகாமல் தப்பிக்கலாம்.

ஜி.எஸ்.டி. குறைஞ்சுதே, விலை ஏன் குறையல?

இது கடைகளில் அடிக்கடி நடக்கும் வாக்குவாதம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. குறைந்தது உண்மை. ஏ.சி., பெரிய டி.வி., கம்ப்யூட்டர் மானிட்டர் எல்லாம் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு வந்தன. லேப்-டாப் அதற்கு முன்பே 18-ல் தான் இருந்தது. அது அப்படியே நின்றுவிட்டது. கடைக்காரர் மீது இதில் தப்பில்லை.

40 ஆயிரம் ரூபாய் பில்லில் சுமார் 6 ஆயிரத்து 100 ரூபாய் வரி. "பில் வேணாம்னா 3 ஆயிரம் குறைச்சுக்கறேன்" என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்பதற்கு அந்த பில்தான் சாட்சி. பில் இல்லாவிட்டால் கம்பெனி தன் ரெக்கார்டில் உள்ள தேதியைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆறு மாதம் குடோனில் கிடந்த பெட்டி என்றால், ஒரு வருஷ வாரண்டியில் ஆறு மாதம் வீட்டுக்கு வரும் முன்பே போயிருக்கும். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணை கம்பெனி வெப்-சைட்டில் போட்டால் வாரண்டி எப்போது முடிகிறது என்று காட்டும். பணம் கொடுக்கும் முன் செல்போனிலேயே இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி.யும் ஒரு கண்கட்டு வித்தை. 62 ஆயிரம் என்று போட்டு அதை அடித்து 41 ஆயிரம் என்று எழுதியிருப்பார்கள். 21 ஆயிரம் லாபம் என்று தோன்றும். அந்த 62-க்கு யாரும் விற்றதும் இல்லை, யாரும் வாங்கியதும் இல்லை. பார்க்க வேண்டியது, இதே மாடல் வேறு இடத்தில் என்ன விலை என்பதைத்தான்.

'இதே மாடல்' என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே பெயரில் பத்து வகை வரும். பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு கோடு இருக்கும். ஒரு எழுத்து மாறினாலும் ரேமோ, திரையோ, புராசசரோ வேறாக இருக்கலாம். ஆன்-லைனுக்கு ஒரு கோடு, கடைக்கு ஒரு கோடு என்று கம்பெனிகளே பிரித்து விடுவதும் உண்டு. ஆன்-லைன் விலையைக் காட்டி கடைக்காரரிடம் மல்லுக்கட்டும் முன், முழு கோடும் ஒன்றுதானா என்று பார்க்காவிட்டால் பேச்சு வீண்.

வட்டியே இல்லாத தவணையா?

'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' போர்டு இல்லாத கடை இல்லை. ஜீரோ சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. வட்டி எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

உதாரணத்துக்கு, ரொக்கம் என்றால் 42 ஆயிரத்து 500 ரூபாய்க்கு இறங்கி வரும் லேப்-டாப், தவணை என்றால் 45 ஆயிரம். மாதம் 5 ஆயிரம், 9 மாதம். வட்டி இல்லை என்பார்கள். ஆனால் ரொக்கத் தள்ளுபடி 2 ஆயிரத்து 500 போய்விட்டதே? அதைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 14 சதவீத வட்டி. இதற்கு மேல் பிராசசிங் பீஸ். கிரெடிட் கார்டு என்றால் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு.

கந்து வட்டியோடு பார்த்தால் இது குறைவுதான், மறுக்க முடியாது. கையில் மொத்தமாகக் காசு இல்லாதவர் தவணையில் வாங்குவது தப்பும் இல்லை. "ரொக்கம்னா எவ்ளோ? தவணைன்னா மொத்தம் எவ்ளோ?" என்று இரண்டு கேள்வியும் கேட்டு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு வாங்கினால் சரி.

14 ஆயிரத்துக்கு ஐ7!

செகண்ட்-ஹேண்ட் கடைகளில் 14 ஆயிரம், 15 ஆயிரத்துக்கு ஐ7 லேப்-டாப் கிடைக்கிறது. ஐ.டி. கம்பெனிகள் கழித்துவிட்ட சரக்கு. பாடி கெட்டி, கீ-போர்டு நன்றாக இருக்கும். ஆனால் 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு விண்டோஸ்-10க்கு மைக்ரோசாப்ட் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. விண்டோஸ்-11 முறையாக ஏற வேண்டும் என்றால் இன்டெல்லில் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப் வேண்டும்.

அதனால் 6, 7-வது தலைமுறை மெஷின்கள் மலிவாகக் கொட்டுகின்றன. கண்டுபிடிப்பது சுலபம். ஐ5-7200யு என்றால் கோட்டுக்குப் பின் முதல் எண் 7, ஏழாவது தலைமுறை. ஐ5-8250யு என்றால் எட்டாவது. ஏழாவது தலைமுறை ஐ7-ஐ விட எட்டாவது தலைமுறை ஐ5 வாங்குவதே லாபம். "நாங்க 11 ஏத்தித் தர்றோம் சார்" என்று குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள். ஓடும்தான். ஆனால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாப்ட் உத்தரவாதம் தருவதில்லை.

பழைய மெஷினில் பேட்டரிதான் முதலில் சாகும். விண்டோசிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி இருக்கிறது. கடைக்காரரை எடுத்துக் காட்டச் சொன்னால் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் வரும். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிதான் என்றால் பேட்டரி பாதி ஆயுளை முடித்துவிட்டது. விலையில் புது பேட்டரி காசைக் கழித்துக் கேட்கலாம். ஆன் செய்ததும் பழைய கம்பெனியின் பெயரோடு பாஸ்வேர்டு கேட்டால் தொடவே வேண்டாம். அரசு கொடுத்த இலவச லேப்-டாப்பை யாராவது விற்க வந்தாலும் அப்படித்தான், பின்னால் வம்பு.

கடைப் பையன் கையில் கொடுக்காதீங்க

புது லேப்-டாப்பில் பலவற்றுக்கு எம்.எஸ். ஆபீஸ் சேர்ந்தே வரும். முதல் முறை திறக்கும்போது எந்த மெயில் ஐ.டி.யில் திறக்கிறோமோ அதோடு அந்த ஆபீஸ் ஒட்டிக்கொள்ளும். அவசரத்தில் கடைப் பையன் தன் மெயில் ஐ.டி.யைப் போட்டுத் திறந்துவிட்டால், காசு கொடுத்தவர் ஒருவர், ஆபீஸ் இன்னொருவருடையது. பிள்ளையின் மெயில் ஐ.டி.யையும் பாஸ்வேர்டையும் தெரிந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும். ஆபீஸ் இல்லாத மாடல் என்றாலும் கவலையில்லை. லிப்ரே ஆபீஸ் என்று இலவசமாகவே கிடைக்கிறது. பல கல்லூரிகளில் கல்லூரி மெயில் ஐ.டி. மூலம் மைக்ரோசாப்ட் ஆபீசும் இலவசமாக வரும். 500 ரூபாய்க்கு திருட்டு காப்பி போட்டு வைரசையும் சேர்த்து வாங்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த பெட்டியைப் பிரிக்கும்போது சீல் உடைப்பதிலிருந்து ஆன் செய்வது வரை செல்போனில் வீடியோ எடுத்து வைப்பது நல்லது. ஆன்-லைனில் வாங்கினால் இது கட்டாயம் என்றே சொல்லலாம். திரையில் புள்ளி இருந்தாலும், சொன்ன ரேம் இல்லாவிட்டாலும் அந்த வீடியோ பேசும். கடையோ கம்பெனியோ கையை விரித்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் கமிஷனில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குப் புகார் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. வாங்கியவரே நேரில் பேசலாம், கையில் பில் மட்டும் இருக்க வேண்டும்.